மேட்லேப் திறக்க மறுக்கும் மெக்ஸ் கோப்பு: குற்றம் நிரலில் இல்லை

கேள்வி இதுதான். ஆய்வகத்தில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வந்துகொண்டிருக்கும் ஒரு சி++ நிரல். கணக்கீட்டு மென்பொருளான மேட்லேப்பின் ஆர்2018பி பதிப்பில் மெக்ஸ் கோப்பாக, அதாவது மேட்லேப்புக்குள்ளிருந்தே அழைக்கும்படி கம்பைல் செய்த கோப்பாக, பல ஆண்டுகள் ஒழுங்காக ஓடியது. கணினியை உபுண்டு 20.04 லினக்ஸுக்கு மாற்றிய பிறகு அதே நிரலை உபுண்டுவின் கம்பைலரான ஜிசிசி-யில் கம்பைல் செய்தால், உங்கள் ஜிசிசி 9.4.0 ஆதரிக்கப்படவில்லை, ஆதரிக்கப்படுவது 6.3 வரிசைதான் என்று ஓர் எச்சரிக்கை வருகிறது. ஆனாலும் கோப்பு உருவாகிவிடுகிறது. அதை அழைத்தால்தான் "செல்லாத மெக்ஸ் கோப்பு" என்று நின்றுவிடுகிறது. சி++ மொழியின் அடிப்படை லைப்ரரியான லிப்எஸ்டிடிசி++-இல் 'ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் 3.4.26' கிடைக்கவில்லையாம். நிரலைத் திருத்த வேண்டுமா? ஜிசிசி-யை நீக்கிவிட்டுப் பழையதைப் போட வேண்டுமா? மேட்லேப் கோப்புறையில் இருக்கும் அந்த லைப்ரரியை அழித்துவிடச் சொல்கிறார் நண்பர், செய்யலாமா?

நிரலைத் தொடாதீர்கள். ஜிசிசி-யையும் நீக்காதீர்கள், உபுண்டுவில் அதை நம்பி வேறு பலவும் இருக்கின்றன. நண்பரின் யோசனைக்குக் கடைசியில் வருகிறேன். அது பாதி சரி, பாதி ஆபத்து.

முதலில் அந்த எச்சரிக்கை. அதைப் பார்த்து மிரள வேண்டாம். ஒவ்வொரு மேட்லேப் பதிப்புக்கும் அதைத் தயாரிக்கும் மேத்வொர்க்ஸ் நிறுவனம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. இந்தக் கம்பைலரோடு சோதித்துப் பார்த்தோம் என்பது மட்டுமே அதன் பொருள். மெக்ஸ் கட்டளை உங்கள் ஜிசிசி-யின் எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்கிறது. வெறும் சி நிரலாக இருந்தால் பெரும்பாலும் அந்த எச்சரிக்கையோடு காலம் முழுக்க ஓட்டலாம். சி++ என்று வந்தால்தான் கணக்கு மாறுகிறது.

மெக்ஸ் கோப்பு தனியாக ஓடும் நிரல் அல்ல. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மேட்லேப் தன் வீட்டுக்குள் ஏற்றிக்கொள்ளும் ஒரு பகிர்வு லைப்ரரி. குடிவந்த வீட்டில் கிணறு ஒன்றுதான். வீட்டுக்காரர் கிணற்றில்தான் தண்ணீர் எடுத்தாக வேண்டும். இங்கே கிணறு என்பது சி++ மொழியின் அடிப்படை லைப்ரரி. மேட்லேப் எந்த லினக்ஸிலும் ஒரே மாதிரி ஓட வேண்டும் என்பதற்காக அதன் ஒரு பிரதியைத் தன்னோடே கொண்டுவருகிறது. நிறுவிய கோப்புறைக்குள் சிஸ், அதற்குள் ஓஎஸ், அதற்குள் ஜிஎல்என்எக்ஸ்ஏ64 என்று இறங்கினால் அது இருக்கும். மேட்லேப் தொடங்கும்போதே அதை ஏற்றிவிடுகிறது. உங்கள் கோப்பு வந்து "எனக்கு லிப்எஸ்டிடிசி++ ஆறாம் எண் வேண்டும்" என்று கேட்கும்போது, "அதுதான் ஏற்கெனவே உள்ளே இருக்கிறதே" என்று லைப்ரரிகளை ஏற்றித் தரும் லோடர் அதையே கொடுத்துவிடுகிறது. உபுண்டுவில் இருக்கும் புதிய பிரதியை அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

இந்த "ஆறாம் எண்" விஷயம்தான் பலரையும் குழப்புவது. 2004-இல் வந்த ஜிசிசி 3.4 தொடங்கி இன்றுவரை இந்த லைப்ரரியின் வெளிப்பெயர் மாறவே இல்லை. ஒரே பெயர், ஒரே எண். உள்ளே ஒவ்வொரு ஜிசிசி பதிப்பும் புதிதாகச் சேர்க்கும் ஃபங்ஷன்களுக்கு ஓர் அடையாளச் சீட்டு ஒட்டுவார்கள். ஜிசிசி 5.1 ஒட்டியது 3.4.21, 6.1 ஒட்டியது 3.4.22, 9.1 ஒட்டியது 3.4.26, 11.1 ஒட்டியது 3.4.29. புதிய லைப்ரரியில் பழைய சீட்டுகள் அத்தனையும் இருக்கும். பழையதில் புதியவை இருக்க வழியில்லை. உங்கள் மேட்லேப் வைத்திருப்பது ஜிசிசி 6 காலத்துப் பிரதி. அதன் கடைசிச் சீட்டு 3.4.22. உங்கள் கோப்பு கேட்பது 3.4.26. சிக்கல் முழுவதும் இவ்வளவுதான்.

"நான் புதிதாக எதையும் பயன்படுத்தவில்லையே, பத்து வருடத்துக்கு முந்தைய நிரல்தானே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நிரல் பழையது, அதை மொழிபெயர்ப்பவர் புதியவர். ஆஸ்ட்ரிங்ஸ்ட்ரீம் வகையில் ஒரு மாறியை அடைப்புக்குறிக்குள் எதுவும் தராமல் அறிவித்திருப்பீர்கள், பிழைச் செய்தி ஒன்றைக் கோத்துத் தருவதற்காக. அதே வரியை ஜிசிசி 9 கம்பைல் செய்யும்போது, அந்த வெற்றுக் கட்டமைப்பியைக் கோப்புக்குள் எழுதாமல் லைப்ரரியிலிருந்து வாங்கிக்கொள்கிறது. அதற்கு ஒட்டிய சீட்டுத்தான் 3.4.26. என் ஊகம், உங்களுக்கு நடந்ததும் இதுதான். ஜிசிசி 11-க்குப் போனால் ஒரு சாதாரண வெக்டார் போதும், அளவு மீறினால் பிழை எறியும் ஒரு சிறு ஃபங்ஷனுக்காக 3.4.29 கேட்க ஆரம்பித்துவிடும். ஜிசிசி 13.2-இல் ஐஓஸ்ட்ரீம் தலைப்புக் கோப்பைச் சேர்த்தாலே 3.4.32 வந்து நிற்கும். அந்த ஒரு வரியை மாற்றி எழுதித் தப்பிக்கலாம்தான். ஆனால் ஒன்றை அடைத்தால் இன்னொன்று ஒழுகும். அதனால்தான் நிரலைத் தொடாதீர்கள் என்றேன்.

ஊகத்தை நிச்சயமாக்கிக்கொள்ள வழி இருக்கிறது. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். டெர்மினலைத் திறந்து, ஒரு கோப்புக்கு வேண்டிய லைப்ரரிகள் எங்கிருந்து வருகின்றன என்று காட்டும் எல்டிடி கட்டளையை மெக்ஸ் கோப்பின் மேல் ஓட்டி, "எல்லாம் கிடைக்கிறது, ஒரு குறையும் இல்லை" என்று பார்த்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். டெர்மினல் உபுண்டுவின் வீடு. அங்கே உபுண்டுவின் புதிய லைப்ரரிதான் கிடைக்கும். அதே எல்டிடி கட்டளையை மேட்லேப் சாளரத்துக்குள், முன்னால் ஓர் ஆச்சரியக்குறி போட்டு ஓட்டுங்கள். அப்போது மேட்லேப் அமைத்திருக்கும் தேடுபாதைகளோடு அது ஓடும். லிப்எஸ்டிடிசி++ எந்தக் கோப்புறையிலிருந்து வருகிறது என்பது வெளிப்பட்டுவிடும். அடுத்து ஆப்ஜ்டம்ப் கட்டளையில் பெரிய 'டி' (T) விருப்பத்தைச் சேர்த்து மெக்ஸ் கோப்பைப் பார்த்தால், எந்த ஃபங்ஷன் எந்தச் சீட்டைக் கேட்கிறது என்று வரிவரியாகத் தெரியும். பெயர்கள் புரியாத எழுத்துக் குவியலாக இருக்கும். சி++ஃபில்ட் என்ற சின்னக் கருவி வழியாக அனுப்பினால் மனிதர் படிக்கும்படி ஆகும். கடைசியாக ஸ்ட்ரிங்ஸ் கட்டளையை மேட்லேப் வைத்திருக்கும் லைப்ரரி மேல் ஓட்டி, அதில் இருக்கும் பெரிய சீட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்பதும் இருப்பதும் கையில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இனி வைத்தியம். நான் முதலில் செய்வது, பழைய கம்பைலரைப் புதியதன் பக்கத்திலேயே நிறுவுவது. உபுண்டு 20.04-இன் களஞ்சியத்தில் ஜிசிசி 7, 8 இரண்டும் கிடைக்கின்றன. 9-க்குப் பக்கத்தில் 7 சும்மா உட்கார்ந்திருக்கும், ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது. மெக்ஸ் கட்டளை கொடுக்கும்போது சிஎக்ஸ்எக்ஸ் என்ற மாறியில் ஜி++ 7-இன் முழுப் பாதையைக் கொடுங்கள். கூடவே விரிவாகச் சொல்லும் 'வி' விருப்பத்தையும் சேருங்கள். வெளிவரும் நீண்ட உரையில் கம்பைல் செய்யும் வரி, இணைக்கும் வரி இரண்டிலும் 7 தெரிகிறதா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் மாறி மற்றதில் மாறாமல் இருந்து அரைநாள் போன அனுபவம் எனக்கு உண்டு.

பட்டியலில் இருப்பது 6.3 அல்லவா, 7 எப்படிச் சரிப்படும்? முக்கியம் கம்பைலரின் எண் அல்ல, முடிவில் உருவான கோப்பு கேட்கும் மிகப் பெரிய சீட்டின் எண். ஜிசிசி 7 புதிதாகச் சேர்த்த ஃபங்ஷன்கள் சில இருக்கின்றன. சாதாரணக் கணக்கு நிரல்கள் அவற்றைத் தொடுவது அபூர்வம். ஆகவே ஜிசிசி 7 செய்த கோப்பு பெரும்பாலும் 3.4.22-க்குள்ளேயே நின்றுவிடும். கம்பைல் செய்த பிறகு ஆப்ஜ்டம்ப் போட்டு உறுதிசெய்துகொண்டால் பட்டியலைப் பற்றிக் கவலை இல்லை.

இரண்டாவது வழி, மேட்லேப்பைத் தொடங்கும்போதே உபுண்டுவின் லைப்ரரியை முந்திக்கொண்டு ஏற்றுவது. எல்டி_ப்ரீலோட் என்ற சூழல் மாறியில் அதன் பாதையைக் கொடுத்து மேட்லேப்பைத் தொடங்கினால் போதும். புதியதில் பழைய சீட்டுகள் எல்லாம் இருப்பதால் மேட்லேப்பும் முணுமுணுக்காமல் ஓடும். கோப்பு உங்களிடம் மூல நிரல் இல்லாமல் வெறும் மெக்ஸாக மட்டும் வந்திருந்தால் இதுதான் வழி. ஆனால் அந்த மாறியை உங்கள் ஷெல்லின் தொடக்கக் கோப்பில் எழுதி வைக்காதீர்கள். மேட்லேப்பைத் தொடங்கும் அந்த ஒரு வரியில் மட்டும் இருக்கட்டும். இல்லாவிட்டால் டெர்மினலிலிருந்து தொடங்கும் ஒவ்வொரு நிரலின் தலையிலும் அது போய் உட்காரும்.

லிப்எஸ்டிடிசி++ முழுவதையும் மெக்ஸ் கோப்புக்குள்ளேயே நிலையாக இணைத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். சின்னஞ்சிறு நிரலுக்கு ஓடும். எனக்குப் பிடிக்காது. ஒரே வீட்டில் இரண்டு கிணறு வெட்டிய கதை அது. ஒரு பக்கத்தில் எறிந்த எக்ஸெப்ஷனை, அதாவது பிழை அறிவிப்பை, மறு பக்கம் பிடிக்க வேண்டிய நிலை வரும்போது எங்கே உடையும் என்று சொல்ல முடியாது.

சீட்டு இல்லை என்று வராமல், அறிமுகமில்லாத குறியீடு என்று வந்து, அதன் பெயருக்குள் 'சிஎக்ஸ்எக்ஸ்11' என்று எங்காவது தெரிந்தால், அது வேறு நோய். 2015-இல் வந்த ஜிசிசி 5.1, ஸ்ட்ரிங், லிஸ்ட் ஆகிய இரண்டு வகைகளின் உள்ளமைப்பை மாற்றியது. பழைய அமைப்பையும் கைவிடாமல் இரண்டையும் வைத்துக்கொண்டது. யாரோ பழைய கம்பைலரில் செய்து கொடுத்த ஒரு லைப்ரரி பழைய ஸ்ட்ரிங்கைப் பேசும். உங்கள் நிரல் புதிய ஸ்ட்ரிங்கைப் பேசும். பெயரே வேறாகிவிடுவதால் லிங்கர் கைவிரித்துவிடும். இது நல்லதுதான்; பெயர் ஒன்றாக இருந்திருந்தால் சத்தமில்லாமல் நினைவகம் சிதைந்திருக்கும். அந்த லைப்ரரியின் மூலம் கிடைத்தால் மறுபடி கம்பைல் செய்யுங்கள். கிடைக்காவிட்டால், '_ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_யூஸ்_சிஎக்ஸ்எக்ஸ்11_ஏபிஐ' என்ற மேக்ரோவுக்கு 0 கொடுத்து உங்கள் நிரலைப் பழைய பேச்சுக்கு இறக்கலாம். அப்படிச் செய்தால் எல்லாக் கோப்புகளுக்கும் செய்ய வேண்டும். பாதிக்குச் செய்தால் முன்பிருந்ததைவிட மோசம்.

நிரலில் ஃபோர்ட்ரான் துண்டு ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் ஒரு வார்த்தை. சி++ லைப்ரரி போல ஃபோர்ட்ரானின் லைப்ரரி பெயர் மாறாமல் இருக்கவில்லை. ஜிசிசி 6 வரை மூன்று, 7-இல் நான்கு, 8 முதல் ஐந்து. ஆகவே அங்கே பிழைச் செய்தி நேராகவே "அந்தக் கோப்பு இல்லை" என்று வரும். கண்டுபிடிப்பது எளிது.

உண்மையில் என்னைப் பயமுறுத்துவது திறக்க மறுக்கும் மெக்ஸ் அல்ல. திறந்து, ஓடி, தப்பான விடை தரும் மெக்ஸ். உங்கள் நிரல் பழையது என்பதால் இதைச் சொல்லியாக வேண்டும். அணியின் வரிசை எண்ணிக்கைக்கும் சுட்டெண்ணுக்கும் பழைய ஆட்கள் சாதாரண இன்ட் பயன்படுத்தியிருப்பார்கள். ஆர்2018பி-யில் மெக்ஸ் கட்டளையின் இயல்பு 64 பிட் சுட்டெண். ஸ்பார்ஸ் அணிகளில், அதாவது பெரும்பகுதி சுழியமாக இருக்கும் அணிகளில், நிரைச் சுட்டெண் வரிசையை மேட்லேப் 64 பிட்டாகக் கொடுக்கும். நிரல் அதை 32 பிட் இன்ட் வரிசையாக நினைத்துப் படித்தால் ஒன்றுவிட்டு ஒன்று சுழியமாக வரும். கம்பைலர் ஓர் எச்சரிக்கை கொடுத்திருக்கும். நூறு எச்சரிக்கைகளுக்கு நடுவே யார் படிக்கிறார்கள்? எம்டபிள்யூசைஸ், எம்டபிள்யூஇண்டெக்ஸ் என்ற வகைகளுக்கு மாற்றிவிடுங்கள். நிரலைத் தொடாதே என்று தொடக்கத்தில் சொன்ன நானே இப்போது இதைச் சொல்கிறேன். இது கம்பைலருக்காகச் செய்யும் மாற்றம் அல்ல, முன்பே இருந்த பிழையைத் திருத்துவது.

இதன் மூத்த சகோதரன், அணிக் கணக்குகளுக்கான ப்ளாஸ் லைப்ரரி. மேட்லேப் தரும் ப்ளாஸ், லாபாக் லைப்ரரிகள் 64 பிட் முழு எண்களை எதிர்பார்ப்பவை. உபுண்டுவில் கிடைக்கும் வழக்கமான ஓப்பன்ப்ளாஸ் 32 பிட் எண்களை எதிர்பார்ப்பது. ஃபங்ஷன்களின் பெயர்கள் இரண்டிலும் ஒன்றே. நீங்கள் ஓப்பன்ப்ளாஸோடு இணைத்தேன் என்று நினைத்திருக்க, ஓடும்போது மேட்லேப்பின் ப்ளாஸ் அந்த அழைப்பைப் பிடித்துக்கொள்ளக்கூடும். ஃபோர்ட்ரான் வழக்கப்படி எண்கள் முகவரியாகப் போகின்றன; நீங்கள் 4 பைட் வைத்த இடத்தில் அது 8 பைட் படிக்கும். பக்கத்து 4 பைட்டும் தற்செயலாகச் சுழியமாக இருந்தால் விடை சரியாக வரும்! எனக்கு ஒரு நிரல் மூன்று வாரம் சரியான விடை தந்தது. சம்பந்தமே இல்லாத ஓர் அச்சு வரியை நீக்கியதும் மேட்லேப்போடு சேர்ந்து விழுந்தது. அச்சு வரியைத் திரும்பப் போட்டால் ஓடியது. பேய் பிடித்ததோ என்று நினைத்த இரவு அது. பிறகு அளவுகளைக் கொடுக்கும் மாறிகள் அனைத்தையும் பிடிஆர்டிஃப்_டி வகைக்கு மாற்றி, மேட்லேப்பின் சொந்த ப்ளாஸோடு இணைத்தேன், தீர்ந்தது.

கலப்பெண்கள் பயன்படுத்தினால் கவனம். ஆர்2018ஏ-யில் மெய்ப்பகுதியையும் கற்பனைப்பகுதியையும் அடுத்தடுத்து வைக்கும் புதிய முறை வந்தது. கட்டளையில் கேட்டால்தான் அது வரும். கேட்காவிட்டால் பழைய முறையே. பழைய நிரலுக்குக் கேட்காமல் இருப்பதே நல்லது.

விண்டோஸில் இதே வேலையைச் செய்ய நேர்ந்தால் வேறு வகைக் கூத்து. "குறிப்பிட்ட மாட்யூல் கிடைக்கவில்லை" என்று செய்தி வரும். கோப்போ கண்ணெதிரே இருக்கும். கிடைக்காதது அந்தக் கோப்பல்ல, அது நம்பியிருக்கும் இன்னொரு டிஎல்எல். விஷுவல் ஸ்டூடியோ 2015 முதல் 2022 வரையிலான சி++ கம்பைலர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் என்பது அங்கே ஓர் ஆறுதல். ஆனால் மிங்டபிள்யூ (விண்டோஸுக்கான ஜிசிசி) செய்த சி++ லைப்ரரியையும் விஷுவல் சி++ செய்ததையும் ஒரே மெக்ஸில் கலக்க முடியாது; சி முறையிலான இடைமுகம் மட்டும் இருந்தால் கலக்கலாம்.

அந்த மெக்ஸ் எளிய அணிக் கணக்கு மட்டும் செய்வதானால் ஒருமுறை, மேட்லேப் போன்ற இலவச மென்பொருளான ஆக்டேவிலும் முயன்று பாருங்கள். எம்கேஆக்ட்ஃபைல் கருவி மெக்ஸ் நிரல்களையும் ஏற்கும். உபுண்டு தரும் ஆக்டேவும் உபுண்டுவின் ஜிசிசி-யும் ஒரே பட்டறையில் செய்தவை; கிணறு ஒன்றே என்பதால் இந்தச் சீட்டுச் சண்டை அங்கே வருவதில்லை. நிரலில் பிழையா, பொருத்தத்தில் பிழையா என்று பிரித்தறிய நான் அடிக்கடி இப்படிச் செய்வதுண்டு.

இப்போது நண்பரின் யோசனை. மேட்லேப்பின் பிரதி இல்லாவிட்டால் லோடர் உபுண்டுவின் பிரதியைத் தேடிப் போகும், ஆகவே ஓடும். அந்தமட்டில் அவர் சொன்னது சரி. டெபியன், உபுண்டு இரண்டிலும் இருக்கும் மேட்லேப்-சப்போர்ட் என்ற தொகுப்பே நிறுவும்போது ஏறக்குறைய இதைத்தான் செய்யட்டுமா என்று கேட்கும். ஆனால் அது அழிப்பதில்லை, பெயரை மாற்றி ஒதுக்கி வைக்கிறது. நீங்களும் கையால் செய்வதானால் பெயரை மட்டும் மாற்றுங்கள். அதுவும் உபுண்டுவின் பிரதி மேட்லேப்பின் பிரதியைவிடப் புதியதாக இருக்கும்போது மட்டும். நாளை மேட்லேப்பைப் புதிய பதிப்புக்கு மாற்றி உபுண்டுவை அப்படியே விட்டால், நிலைமை தலைகீழாகி மேட்லேப்பே தொடங்காமல் போகலாம். ஆய்வகத்தில் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் நிறுவலாக இருந்தால் இந்த வழியே வேண்டாம். உங்கள் மெக்ஸ் ஓடுவதற்காக மற்றவர்களின் வீட்டுக் கிணற்றை மாற்றுகிறீர்கள்.

ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தால், அதே ஆர்2018பி இருக்கும் இன்னொரு லினக்ஸ் கணினியிலிருந்து கொண்டுவாருங்கள். அந்தக் கோப்புறையில் ஆறாம் எண் என்று தெரிவது வெறும் இணைப்புப் பெயர்தான். உண்மையான கோப்பு 6.0.22 என்ற நீண்ட எண்ணோடு பக்கத்தில் இருக்கும். இரண்டையும் எடுத்துவந்து அதே இடத்தில் வைத்த பிறகு ஜிசிசி 7-இல் தொடங்குங்கள்.